2024–25 ஆண்டறிக்கை: எலி மருந்தும் கூகையும்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் விவசாயிகள் சங்கத்தில் இந்த ஆண்டு ஐந்து கூட்டங்கள் நடத்தினோம். வாய்க்கால் தூர்வார மனு கொடுத்தாயிற்று. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். எனக்குள்ள நேரத்தைக் கூகை விஷயத்துக்கே எடுத்துக்கொள்கிறேன்.

சம்பா நெல் கதிர் வெளிவருமுன் பொதிகட்டும் சமயம், பம்புசெட் கொட்டகைக்குப் பின்னால் ஆந்தை இனத்துக் கூகை ஒன்று செத்துக் கிடந்தது. வெள்ளை முகம், மூடாத கண். உடம்பில் ஒரு காயமும் இல்லை. அலகோரம் மட்டும் ரத்தம் கசிந்திருந்தது. வனத்துறைக்குச் சொன்னோம். கால்நடை மருத்துவர் அறுத்துப் பார்த்தால் உள்ளே முழுக்க ரத்தம். எலி மருந்தாகத்தான் இருக்கும் என்றார்.

ஐப்பசியில் நாம் மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொடுத்தோமே, புரோமாடியோலோன் கட்டி, அதுதான் என்று நினைக்கிறேன். வாங்கச் சொல்லித் தீர்மானம் எழுதியவன் நான். அதற்கு ஒரு மாதம் முன்புதான் ஆந்தை வந்து உட்கார வயலெங்கும் பறவைக் குச்சி நட்டோம். குச்சியை நட்டு அழைத்துவிட்டு, அதன் அடியிலேயே மருந்தும் வைத்திருக்கிறோம். இதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

துத்தநாக பாஸ்பைடு என்ற இன்னொரு எலி மருந்தைத் தின்ற எலி சீக்கிரம் செத்துவிடும். இந்தக் கட்டி அப்படியில்லை. வைட்டமின் கே-யை வேலை செய்யவிடாமல் தடுத்து, ரத்தம் உறையாமல் செய்கிறது. எலி சாக நாலைந்து நாளாவது ஆகும். அதுவரை திரும்பத் திரும்ப மருந்தைத் தின்றுகொண்டு, தள்ளாடியபடி வெட்டவெளியில் திரியும். கூகைக்கும் கருஞ்சிறகுப் பருந்துக்கும் அதைவிட லேசான இரை ஏது? எலி ஈரலில் இருந்த மருந்து பறவையின் ஈரலில் மாதக்கணக்கில் தங்கிவிடுகிறது. முதல் எலி கொல்லாவிட்டாலும் அடுத்தடுத்த எலிகள் கொன்றுவிடும். நியூயார்க்கில் 2024 பிப்ரவரியில் இறந்த ஃபிளாக்கோ என்ற ஆந்தையின் உடலிலும் இந்த வகை மருந்துகள் நான்கு இருந்தன.

சரி, எலிக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான், அது தூர் தூராக வெட்டிப் போட்டதை நானும் பார்த்தவன். மூங்கில் வில் வைத்த எலிப்பொறியான தஞ்சாவூர் கிட்டி இருக்கிறது. கோடையில் எல்லோரும் ஒரே வாரத்தில் வளை வெட்டிப் பிடிக்கலாம். வரப்பைக் குறுக்கிக் கட்டினால் எலிக்கு வளை தோண்ட இடம் குறையும். கிட்டி வைக்க ஆள் கிடைப்பது கஷ்டம் என்பது உண்மைதான். அதனால் கூலியில் பாதியைச் சங்கமே கொடுக்கலாம் என்று செயற்குழு கருதுகிறது. இதை இன்றே தீர்மானமாக நிறைவேற்றித் தர வேண்டுகிறேன்.

அப்புறம், வீட்டில் மீதிக் கட்டி வைத்திருப்பவர்கள் வாய்க்காலில் போடாமல், உறை பிரிக்காமல் என்னிடம் கொண்டுவந்து கொடுங்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு பூட்டி வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்