அறுவை சிகிச்சைக்கு அப்புறம்தான் இருக்கிறது வேலை

ஆசிரியருக்கு வணக்கம்.

கிளாகோமா என்கிற கண் அழுத்த நோய் பற்றி எழுதுகிறவர்கள் அறுவை சிகிச்சையோடு கதையை முடித்துவிடுகிறார்கள். டிராபெகுலெக்டமி என்கிற அந்த அறுவையில் கண்ணுக்குள் இருக்கும் நீர் வடிய மேல் இமைக்கு அடியில் ஒரு சின்ன வழி வைக்கிறார்கள். உடம்புக்கோ அது வெறும் காயம், தழும்பு போட்டு மூடத்தான் பார்க்கும், மூடிவிட்டால் அழுத்தம் பழையபடி ஏறும். அதனால்தான் அறுவையின்போதே மைட்டோமைசின்-சி நனைத்த பஞ்சைச் சில நிமிடம் வைத்து எடுக்கிறார்கள் (புற்றுநோய் மருந்துதான், ஆனால் அளவு மிகக் குறைவு, பயம் வேண்டாம்). பிறகு அதே தழும்பைத் தடுக்க வாரக்கணக்கில் விட வேண்டிய ஸ்டீராய்டு சொட்டு மருந்தை, சிவப்பு குறைந்ததுமே சிலர் தாங்களாக நிறுத்திவிடுகிறார்கள். டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள் என்று மருந்துச் சீட்டிலேயே பெரிய எழுத்தில் போட்டால் என்ன?

ஒரு வாசகர்