இறுதிச் சடங்கு ஏற்பாட்டில் சேவைக் குறைபாடு: புகார் கடிதம்

பெறுநர்:
மேலாளர்,
இறுதிச் சடங்கு ஏற்பாட்டு நிறுவனம், சென்னை.

பொருள்: ஏற்பாட்டாளரின் கவனக்குறைவும், பில்லில் தவறாகச் சேர்த்த தொகையும்.

ஐயா,

எங்கள் தந்தையின் காரியத்தை முழுப் பொறுப்பேற்று நடத்தித் தருவதாகச் சொல்லி ஏற்பாட்டாளர் ஒருவரை அனுப்பினீர்கள். பாடை, பூ, ஊர்தி எல்லாம் நேரத்துக்கு வந்தன. அதில் குறையில்லை. ஆனால் முதல் போனிலேயே கேட்டிருக்க வேண்டிய எதையும் அவர் கேட்கவில்லை. ரேட்டைத்தான் சொன்னார்.

இறந்தது வீட்டிலா, ஆஸ்பத்திரியிலா என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். ஆஸ்பத்திரி என்றால் இறப்புக் காரணச் சான்றைப் படிவம் 4-இல் அவர்களே தருவார்கள். வீடு என்றால், கடைசியாக வைத்தியம் பார்த்த டாக்டரிடம் படிவம் 4ஏ வாங்க வேண்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் மயானத்தில் நேரம் குறிக்க வேண்டும். இவர் நேரத்தைக் குறித்து, ஊருக்கெல்லாம் சொல்லவும் வைத்துவிட்டு, வண்டி கிளம்பும்போது சான்று எங்கே என்றார். ஞாயிற்றுக்கிழமை, கிளினிக் பூட்டிக் கிடந்தது.

அதைவிடப் பெரிய தவறு, இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி உடலில் இருக்கிறதா என்று கேட்காதது. அதிலுள்ள லித்தியம் பேட்டரி தகன மேடையின் சூட்டில் வெடிக்கும்; உலையும் சேதமாகும், பக்கத்தில் நிற்கும் ஊழியருக்கும் ஆபத்து. பெரும்பாலும் நெஞ்சின் மேற்புறம், காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில்தான் அது இருக்கும். அந்த வேலை தெரிந்தவர் சிறிதாகக் கீறி எடுத்துவிடலாம், ஆனால் உடலைக் குளிப்பாட்டிக் கோடி போர்த்துவதற்கு முன் எடுக்க வேண்டும். மயான ஊழியர் கேட்டதால்தான் எங்களுக்கே நினைவு வந்தது. அவருக்கு எங்கள் நன்றி.

ஃப்ரீசர் பெட்டியை வந்ததும் காலியாக ஓடவிட்டு, உள்ளே நன்றாகக் குளிர்ந்த பிறகே உடலை வைக்க வேண்டும். உங்கள் ஆட்கள் இறக்கிய சூட்டோடு வைத்தார்கள். ஸ்டெபிலைசர் இல்லை. மாலை போட வந்தவர்களுக்கெல்லாம் மூடியைத் திறந்துவிட்டதில் குளிர் வெளியேறி, கண்ணாடி வியர்த்து, முகமே தெரியவில்லை. மாலையை மூடியின் மேல் வைக்கச் சொல்ல ஒருவர் நின்றிருந்தால் போதும்.

மயானப் பதிவில் பெயரை ஆதாரில் உள்ளபடி எழுதவைப்பதும் அவர் வேலைதான். இனிஷியல் மாறியிருக்கிறது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்று, வங்கி எல்லாம் அந்த ஒரு எழுத்தில்தான் நிற்கின்றன.

இனி பில். மயானக் கட்டணம் என்று ஒரு தொகை போட்டிருக்கிறீர்கள். நடந்தது சென்னை மாநகராட்சி மயானம், அங்கே தகனம் இலவசம். மொத்தத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டியும் சேர்த்திருக்கிறீர்கள். 2017-ஆம் ஆண்டின் மத்திய ஜிஎஸ்டி சட்டம், மூன்றாம் அட்டவணைப்படி, இறுதிச் சடங்கு, தகனம், உடலைக் கொண்டுசெல்வது ஆகிய சேவைகளுக்கு இந்த வரியே கிடையாது. துக்க வீட்டில் யாரும் பில்லைப் பிரித்துப் பார்க்கமாட்டார்கள் என்று தெரிந்தே இப்படிச் செய்வது மிகவும் வருத்தம் தருகிறது.

இந்த இரண்டு தொகையையும், ஃப்ரீசர் பெட்டி வாடகையையும் 15 நாட்களுக்குள் திருப்பித் தாருங்கள். பெயர்த் திருத்தத்துக்கான மனுவை உங்கள் செலவில் பதிவாளரிடம் கொடுங்கள். மேலே சொன்ன கேள்விகளை அச்சடித்து ஒவ்வொரு ஏற்பாட்டாளர் கையிலும் கொடுங்கள். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு செய்வோம்.

இணைப்பு: பில் நகல், மயான ரசீது, ஆதார் நகல்.

இப்படிக்கு,
குடும்பத்தார்