டச்சு டிராக்டர்களில் ஏறி வந்தவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெதர்லாந்து தேர்தல் பற்றி உங்கள் நடுப்பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2025 அக்டோபர் 29 அன்று நடந்த தேர்தலில் ராப் யெட்டனின் டி66 கட்சி முதலிடம் பிடித்தது, கீர்ட் வில்டர்ஸின் பிவிவி கட்சி 37 இடங்களிலிருந்து 26க்கு இறங்கியது, ஆகவே வலதுசாரி பாப்புலிசம் அங்கே தோற்றுவிட்டது என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறார். கணக்கில் பாதியைத்தான் அவர் பார்த்திருக்கிறார். அதே தேர்தலில் ஜேஏ21 என்ற கட்சி 1லிருந்து 9 ஆனது. எஃப்விடி 3லிருந்து 7 ஆனது. இரண்டும் வில்டர்ஸுக்குப் பக்கத்தில் நிற்கும் கட்சிகள்தான். மூன்றையும் கூட்டிப் பாருங்கள்: 2023இல் 41, 2025இல் 42. வாடிக்கையாளர் கடை மாறியிருக்கிறார், வாங்கும் சரக்கு மாறவில்லை.

நான் பாகலூர் பக்கம் பாலிஹவுஸில் ரோஜா வளர்க்கிறேன். உனக்கு எதற்கு நெதர்லாந்து அரசியல் என்று கேட்கலாம். எங்கள் தொழிலில் நாங்கள் நடும் ரகங்களில் பல அங்கிருந்து வருபவை; ஒவ்வொரு செடிக்கும் ராயல்டி கட்டுகிறோம். பூவை ஏலம் விடும் முறைகூட அவர்களுடையதுதான். ஆல்ஸ்மீர் ஏலத்தில் விலை உச்சியில் தொடங்கிக் கீழே இறங்கும். முதலில் பொத்தானை அழுத்துபவருக்குப் பூ. பிப்ரவரி நெருங்கும்போது அங்கே என்ன விலை என்று விசாரிக்காமல் ஏற்றுமதி செய்பவர் யாரும் பெட்டி கட்ட மாட்டார். அதனால் அந்த ஊர்ச் செய்தியைப் படிப்பது எனக்குப் பழகிவிட்டது.

கட்டுரையில் வெறுப்பு இருக்கிறது, இஸ்லாம் இருக்கிறது, அகதிகள் இருக்கிறார்கள். மாடு மட்டும் இல்லை. மாட்டை விட்டுவிட்டு நெதர்லாந்தின் கடந்த ஆறேழு ஆண்டு அரசியலை எப்படி எழுத முடியும் என்று எனக்குப் புரியவில்லை.

பரப்பளவில் தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குகூட வராத நாடு அது. அதற்குள் 35 லட்சத்துக்கும் மேல் மாடுகள், ஒரு கோடியை ஒட்டிப் பன்றிகள், கோழிகள் பல கோடி. சாணமும் மூத்திரமும் சேர்ந்து நைட்ரஜன் அடங்கிய அமோனியா ஆகிறது, காற்றில் ஏறுகிறது, பாதுகாக்கப்பட்ட காடுகளிலும் புதர்நிலங்களிலும் படிகிறது. அளவுக்கு மீறி உரம் போட்ட வயல் மாதிரி அங்கே ஒருசில செடிகள் மட்டும் கொழுத்து மற்றவை அழிகின்றன. அரசாங்கம் என்ன செய்தது? பிற்பாடு குறைத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் முன்கூட்டியே அனுமதி கொடுத்துக்கொண்டே போனது. 2019 மே மாதம் அந்நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றமான கவுன்சில் ஆஃப் ஸ்டேட் இந்த ஏற்பாடு செல்லாது என்று சொல்லிவிட்டது. தொழுவத்துக்கான அனுமதியோடு சேர்த்து வீடு கட்டும் அனுமதி, சாலை போடும் அனுமதி எல்லாம் சிக்கிக்கொண்டன.

இதில் விவசாயியின் கோபம் எங்கே வருகிறது என்றால், மாடுகளைப் பெருக்கியது அவனுடைய சொந்த யோசனை அல்ல. கடன் கொடுத்த வங்கி, தீவனம் விற்ற கம்பெனி, ஏற்றுமதிக் கணக்குக் காட்டிப் பெருமைப்பட்ட அரசாங்கம் மூன்றும் சேர்ந்து பல பத்தாண்டுகள் சொன்னது அது. அப்புறம் 2022 ஜூனில் ஒரு வரைபடம் வெளியிட்டார்கள். உன் பண்ணை இருக்கும் பகுதியில் நைட்ரஜனை 70 சதவீதம் குறைக்க வேண்டும், சில இடங்களில் 95 சதவீதம் என்று அதில் இருந்தது. 95 சதவீதம் என்றால் தொழுவத்தை மூடு என்று பொருள். தன் நிலத்தின் கதியை ஒரு வரைபடத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வது எப்படி இருக்கும் என்று உத்தனப்பள்ளி, நாகமங்கலம் பக்கத்து விவசாயிகளைக் கேளுங்கள். சிப்காட்டுக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து 2023இல் மாதக்கணக்கில் உட்கார்ந்தவர்கள் அவர்கள், நன்றாகவே சொல்வார்கள்.

டிராக்டர்கள் நெடுஞ்சாலைக்கு வந்தன. ஓரத்தில் வைக்கோல் கட்டுகள் எரிந்தன, கொடியைத் தலைகீழாகக் கட்டினார்கள். ஹீரன்வீன் அருகே 16 வயதுப் பையன் ஓட்டிய டிராக்டரை நோக்கிப் போலீஸ் சுட்டது. அந்த வீடியோக்கள் எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்தன. டெல்லியில் நம் விவசாயிகள் செய்ததைப் போல என்று சிலர் பாராட்டினார்கள். டெல்லி எல்லையில் கேட்டது மூன்று வேளாண் சட்டங்களை விலக்குவதும் விலைக்கு உத்தரவாதமும். அங்கே கேட்டது வேறு. ஆனாலும் அந்த டிராக்டர்களில் இருந்தவர்களை வெறுப்பாளர்கள் என்று ஒரே வரியில் எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் கோபத்துக்கு முதலில் கிடைத்த வாகனம் பிபிபி என்ற விவசாயிகள் கட்சி. 2019இல் தொடங்கியது. அதைத் தொடங்கி வழிநடத்திய கரோலின் வான் டெர் பிளாஸ் வேளாண் பத்திரிகையாளர். கூடச் சேர்ந்து தொடங்கியவர்கள் வேளாண் துறைக்கு விளம்பரம் செய்யும் ஏஜென்சிக்காரர்கள். ஏர் பிடித்த கை அதில் எத்தனை என்று நான் கேட்பது குசும்பாக இருக்கலாம். 2023 மார்ச் மாகாணத் தேர்தலில் எல்லா மாகாணங்களிலும் முதலிடம் பிடித்தார்கள். எட்டே மாதம் கழித்து நவம்பரில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் கிடைத்தது 7 இடம். அன்றைக்குத்தான் வில்டர்ஸுக்கு 37 இடம்.

இடையில் நடந்ததைத்தான் கட்டுரையாளர் விட்டுவிட்டார். 2023 ஜூலையில் அப்போதைய பிரதமர் மார்க் ரூட்டேயின் அரசு கவிழ்ந்தது. எதற்கு? நைட்ரஜனுக்காக இல்லை, வீடு கிடைக்காமல் தவிக்கும் இளைஞர்களுக்காக இல்லை. அகதிகள் தங்கள் குடும்பத்தை அழைத்துக்கொள்ளும் விதியைக் கடுமையாக்குவதில் கூட்டணிக்குள் வந்த தகராறில். தேர்தல் எதைப் பற்றியது என்பதை ரூட்டேயின் விவிடி கட்சியே முடிவு செய்து கொடுத்துவிட்டது. அதோடு 2012க்குப் பிறகு வில்டர்ஸோடு ஆட்சி இல்லை என்று மூடி வைத்திருந்த கதவை கட்சித் தலைமையில் ரூட்டேயின் இடத்துக்கு வந்த டிலான் யெஷில்கோஸ் திறந்துவிட்டார். வில்டர்ஸுக்கு ஓட்டுப் போட்டாலும் வீண் என்று ஒதுங்கியிருந்தவர்கள் இப்போது தைரியமாகப் போட்டார்கள். தன் பாட்டை நகல் பாடகர் பாடும்போது கூட்டம் அசல் பாடகரைத் தேடிப் போனது.

சரி, வந்தவர்கள் விவசாயிக்கு என்ன செய்தார்கள்? 2024 ஜூலையில் டிக் ஸ்கோஃப் தலைமையில், வில்டர்ஸின் கட்சியும் பிபிபியும் சேர்ந்த நான்கு கட்சி அரசு அமைந்தது. வேளாண் துறை பிபிபிக்கே போனது. முந்தைய அரசு பண்ணைகளை மாற்றியமைக்கவும் விருப்பப்பட்டவர்களுக்கு விலை கொடுத்து வாங்கவும் ஒதுக்கியிருந்த சுமார் 2,400 கோடி யூரோ நிதியை ரத்து செய்துவிட்டு, வேளாண்மைக்கு 500 கோடி யூரோ வைத்தார்கள். கட்டாயம் இல்லை, வரைபடம் இல்லை என்று மேடையில் சொல்ல நன்றாகத்தான் இருந்தது. 2025 ஜனவரி 22 அன்று ஹேக் நீதிமன்றம், கிரீன்பீஸ் என்ற சூழலியல் அமைப்பு தொடுத்த வழக்கில், பாதிக்கப்படும் இயற்கைப் பகுதிகளில் பாதியையாவது 2030க்குள் பாதுகாப்பான அளவுக்குக் கொண்டுவர வேண்டும், தவறினால் ஒரு கோடி யூரோ அபராதம் என்று தீர்ப்புச் சொன்னது. ஜூன் 3 அன்று அகதிகள் விவகாரத்தைக் காட்டி வில்டர்ஸ் வெளியே போனார். அரசு 11 மாதத்தில் முடிந்தது. பால் மாடு வைத்திருப்பவனிடம் மிஞ்சியது பழைய சிக்கலும் புதிய தீர்ப்பும். கைக்கு வந்திருக்க வேண்டிய பணம் மட்டும் காணோம். 2025 தேர்தலில் பிபிபிக்குக் கிடைத்தது 4 இடம்.

அந்த நாட்டுக் கண்ணாடிக் குடில்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது என் தொழில். வெஸ்ட்லாண்ட் வட்டாரத்தில் தக்காளி, குடைமிளகாய், பூ எல்லாம் பறித்துக் கட்டுபவர்களில் போலந்துக்காரர்கள் ஏராளம். ஆள் அனுப்பும் ஏஜென்சியே படுக்கையும் கொடுக்கும். வேலை போனால் அன்றே படுக்கையும் போகும். இதைப் பிரிக்க வேண்டும் என்று 2020இல் அரசு அமைத்த எமில் ரோமர் குழு பரிந்துரைத்தது. வில்டர்ஸின் கட்சி இவர்களுக்காகச் செய்த காரியம் என்ன தெரியுமா? 2012இல், கிழக்கு ஐரோப்பியர்களால் தொந்தரவா, வேலை பறிபோனதா, புகார் சொல்லுங்கள் என்று ஓர் இணையதளம் திறந்தார்கள். ஐரோப்பிய நாடாளுமன்றமே அதைக் கண்டித்தது.

இந்த இடத்தில் நம் ஊர் ஞாபகம் வராமல் இருக்காது. தமிழ்நாட்டில் இதெல்லாம் எடுபடாது என்று கட்டுரையின் கடைசிப் பத்தி சொல்கிறது. கட்டுரையாளர் ஒருநாள் ஓசூர் டீக்கடையில் உட்கார்ந்து பார்க்கட்டும். ‘வடக்கன் வந்து நம்ம வேலையைப் பிடுங்கிட்டான்’ என்று பேசுபவரின் லைன் வீட்டில், ஒரு அறைக்கு ஆறு பேர், எட்டுப் பேர் என்று அந்த வடக்கன்தான் வாடகை கொடுக்கிறான். என் தோட்டத்தில் மொட்டுக் கிள்ளுவதும் பூ வெட்டுவதும் ஒடிசா, ஜார்க்கண்ட் ஆட்கள். நம் பையன்கள் சிப்காட்டில் ஷிப்டுக்குப் போகிறார்கள். அந்தச் சம்பளம் என்னால் கொடுக்க முடியாது. நான் முதலாளி என்பதால் இப்படிப் பேசுகிறேன் என்று யாராவது சொன்னால் அதிலும் உண்மை இருக்கிறது. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்காரர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது, ஹோலிக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பப் பயந்தார்கள். பரப்பியவர்கள் வேறு மாநிலத்தில் இருந்தார்கள் என்பது நமக்கு ஆறுதல். ஆனால் அதை நம்பும் அளவுக்கு அவர்கள் இங்கே என்னென்ன பேச்சுக் கேட்டிருப்பார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

இன்னொன்று. என் வீட்டில் பேசுவது தெலுங்கு, பெங்களூருக்குப் பூ அனுப்பும்போது கன்னடம், பள்ளிக்கூடமும் பத்திரிகையும் தமிழ். ஓசூர் பக்கம் பல வீடுகளில் இதே கதைதான். மண்ணின் மைந்தன் யார் என்று இங்கே கணக்கெடுக்க ஆரம்பித்தால் சண்டை அடுப்படியிலேயே தொடங்கிவிடும். 2016 செப்டம்பரில் காவிரிக்காகப் பெங்களூரில் பஸ்களைக் கொளுத்தியபோது அத்திப்பள்ளியைத் தாண்ட முடியாமல் எங்கள் பூ வேனிலேயே வாடியது. அதனால் ஆற்றில் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

நெதர்லாந்தின் நடுநிலைக் கட்சிகள் மேல் கட்டுரையாளருக்கு இருக்கும் மரியாதை எனக்கு இல்லை. குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி செய்ததாக ஆயிரக்கணக்கான பெற்றோர்கள் மேல், அதிலும் வெளிநாட்டு வம்சாவளியினர் மேல் அதிகமாக, வரித்துறை பொய்யாகப் பழி போட்டுக் கடனாளி ஆக்கியது. 2021 ஜனவரியில் அதற்குப் பொறுப்பேற்று ரூட்டே அரசு ராஜினாமா செய்தது, மார்ச்சில் அதே ரூட்டே மறுபடி ஜெயித்தார். அந்த ஊழலை வெளிக்கொண்டுவர உழைத்த பீட்டர் ஓம்ட்ஸிக்ட் புதுக் கட்சி தொடங்கி 20 இடம் வாங்கினார். அக்கட்சி வில்டர்ஸோடு கூட்டுச் சேர்ந்தது. 2025இல் அதற்கு ஓர் இடம்கூட இல்லை. வில்டர்ஸுக்கு 26 மிஞ்சியது. கூடப் போனவருக்கு எதுவும் மிஞ்சவில்லை.

அடுத்த முறை நெதர்லாந்து பற்றி எழுதும்போது, யெட்டன் நைட்ரஜனுக்கு என்ன வழி வைத்திருக்கிறார், பண்ணையை மூடுபவனுக்கு எவ்வளவு கொடுக்கப்போகிறார் என்று கட்டுரையாளரை எழுதச் சொல்லுங்கள். 2019இல் கால்நடைகளைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று சொல்லி டிராக்டர்களை முதன்முதலில் ஹேக் நகரத்துக்கு வரவழைத்தவர் இதே டி66 கட்சியின் எம்பிதான்.

இப்படிக்கு,
கொய்மலர் விவசாயி ஒருவர்,
பாகலூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.