குடித்திருந்தார் என்று எழுதினால் இழப்பீடு போய்விடுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவர்களுக்கான அபராதம் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பத்தாயிரம் ரூபாய் போதுமா, போதாதா என்ற விவாதம் அதில் விரிவாகவே இருந்தது. ஆனால் அந்த வண்டி யார் மீது ஏறியதோ அவருக்குச் சட்டத்தில் என்ன வழி இருக்கிறது என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அபராதம் அரசின் கருவூலத்துக்குப் போகிறது; கால் ஒடிந்தவர் வீட்டுக்கு அதிலிருந்து ஒரு காசும் வருவதில்லை. மாவட்ட நீதிமன்ற அலுவலகத்தில் நெடுங்காலம் விபத்து வழக்குக் கட்டுகளோடு பழகி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், விடுபட்ட அந்தப் பக்கத்தைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

எங்கள் தெருவில் குடியிருக்கும் கொத்தனார் ஒருவர், வேலை முடிந்து இரவில் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தபோது கார் ஒன்று அவரை இடித்துத் தள்ளியது. காரை ஓட்டியவரால் நிற்கக்கூட முடியவில்லை என்பதை அங்கே கூடியவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஆனால் கொடுக்கப்பட்ட புகாரில் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' என்ற வழக்கமான சொற்கள் இருந்தனவே தவிர, மதுவைப் பற்றிய பேச்சே இல்லை. ஏன் என்று கேட்டேன். ஆஸ்பத்திரிக்கே வந்து உதவிய 'தெரிந்தவர்' ஒருவர், "குடிச்சிருந்தான்னு எழுதுனா இன்சூரன்ஸ்காரன் கையை விரிச்சுடுவான், ஒத்தப் பைசா வராது" என்று சொல்லிவிட்டுப் போனாராம். பணியில் இருந்த காலத்தில் இதே அறிவுரையைப் பலர் வாயிலாகக் கேட்டிருக்கிறேன். இது பாதி உண்மை. முழுப் பொய்யைவிட அதிகக் கெடுதல் செய்வது.

உண்மையான பாதி இதுதான். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டபோது, காப்பீட்டு நிறுவனம் விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் எழுப்பக்கூடிய எதிர்வாதங்களின் பட்டியலில், ஓட்டியவர் மது அல்லது போதையின் பிடியில் இருந்தார் என்பதும் 150-ஆம் பிரிவில் சேர்க்கப்பட்டது. ஆனால் எதிர்வாதம் எழுப்பலாம் என்பதற்கும், அடிபட்டவருக்குப் பணம் கிடைக்காது என்பதற்கும் நெடுந்தூரம் இருக்கிறது. வாகன உரிமையாளர் பாலிசி நிபந்தனையை மீறினார் என்றால் அது அவருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான கணக்கு; சாலையில் சைக்கிளில் போனவர் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவரல்லர். ஆகவே நிறுவனம் முதலில் அவருக்கு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடமிருந்தும் ஓட்டுநரிடமிருந்தும் வசூலித்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றங்கள் உத்தரவிட்டு வருகின்றன. ஓட்டுநர் உரிமம் தொடர்பான வழக்குகளில் 2004-ஆம் ஆண்டின் ஸ்வரண் சிங் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் விளக்கிய இந்த நெறியை, குடிபோதை வழக்கு ஒன்றில் கேரள உயர் நீதிமன்றம் 2023-இல் பின்பற்றியது. தீர்ப்பாயம் இதற்கு மாறாக நிறுவனத்தை முழுவதுமாக விடுவித்துவிட்டாலும், 90 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

வதந்தி எங்கிருந்து பிறந்தது என்பதையும் ஊகிக்க முடிகிறது. குடித்துவிட்டு ஓட்டியவர் தம்முடைய வண்டிக்கு ஏற்பட்ட சேதத்துக்குப் பணம் கேட்டால், நிறுவனம் மறுக்கலாம். டெல்லி இந்தியா கேட் அருகே 2007-இல் மோதி எரிந்துபோன ஒரு போர்ஷே காருக்கான கோரிக்கையை உச்ச நீதிமன்றம் 2021-இல் நிராகரித்தது இப்படித்தான். காரின் சொந்தக்காரருக்குப் பணம் வரவில்லை என்ற செய்தி, டீக்கடை வரை வருவதற்குள் அடிபட்டவருக்கே பணம் வராது என்று உருமாறிவிடுகிறது.

மதுவைப் புகாரில் எழுதுவதால் இழப்பீட்டுத் தொகை கூடிவிடும் என்று நான் சொல்லவில்லை. எதிராளி எவ்வளவு குடித்திருந்தார் என்பதைக் கொண்டு தீர்ப்பாயம் தொகையைத் தீர்மானிப்பதில்லை. ஆனால் சைக்கிள்காரர்தான் குறுக்கே வந்தார், அவர் மீதும் பாதித் தவறு இருக்கிறது என்ற வாதம் கட்டாயம் வரும். அப்போது அந்தப் பதிவு கைகொடுக்கும். குற்றவியல் வழக்கில் அதன் எடை இன்னும் அதிகம். வெறும் கவனக்குறைவால் கொடுங்காயம் என்றால் குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-ஆம் பிரிவின்படி அதிகபட்சம் மூன்று ஆண்டுச் சிறை. உயிர்ச்சேதமும் சேர்ந்துவிட்ட வழக்குகளில், மது பற்றிய சான்று குற்றத்தின் தன்மையையே மாற்றக்கூடும். மும்பை பாந்த்ராவில் 2006 நவம்பரில் நடைபாதையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது கார் ஏறியதில் ஏழு பேர் இறந்தார்கள், எட்டுப் பேர் காயமடைந்தார்கள். அதை ஓட்டிய அலிஸ்டர் பெரேராவின் ரத்தத்தில் 0.112 சதவீத ஆல்கஹால் இருந்தது ஆய்வில் தெரிந்தது. வெறும் கவனக்குறைவு என்ற எல்லையைக் கடந்து, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்காக விதிக்கப்பட்ட மூன்றாண்டுத் தண்டனையை 2012-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. சட்டம் அனுமதிக்கும் அளவு 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம்.

அந்த ஆய்வு உரிய நேரத்தில் நடந்தால்தான் உண்டு. மற்ற சான்றுகள் காத்திருக்கும், இது காத்திருக்காது. மதுவின் தடயம் விடிவதற்குள் ரத்தத்திலிருந்து மறைந்துவிடும். குடித்து ஓட்டியதற்காகக் கைது செய்யப்பட்டவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும், தவறினால் காவலிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அடிபட்டவரின் உறவினர்கள் அந்த நேரத்தில் ரத்தம் தேடி அலைந்துகொண்டிருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆயினும் ஒருவராவது காவல் நிலையத்துக்குச் சென்று, ஓட்டுநரைப் பரிசோதிக்கும்படி எழுத்தில் கேட்டு, நகலில் முத்திரை வாங்கிவைக்க வேண்டும். ஓட்டுநரும் காயம்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால், அங்கே ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டை எழுதும் மருத்துவர் 'மது வாசனை இருந்தது' என்று குறிக்கும் அந்த ஒரு வரி, பின்னால் பத்துச் சாட்சிக்குச் சமம். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறுவது பாதிக்கப்பட்டவரின் உரிமை. விசாரணை எந்த நிலையில் உள்ளது என்பதைப் போலீசார் 90 நாட்களுக்குள் அவருக்குத் தெரிவிக்கவும் வேண்டும்.

சிகிச்சைச் செலவுக்கு, தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரம் இலவசச் சிகிச்சையும், மத்திய அரசின் 2025-ஆம் ஆண்டுத் திட்டத்தில் ஏழு நாட்கள் வரை ஒன்றரை லட்சம் ரூபாய்க்கான கட்டணமில்லாச் சிகிச்சையும் உண்டு. இடித்த வண்டி எதுவென்றே தெரியாவிட்டால், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் தனி நிதியிலிருந்து கிடைக்கும்.

இனி, எம்.சி.ஓ.பி. என்று நீதிமன்ற வளாகத்தில் சொல்லப்படும் இழப்பீட்டு மனு. விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை, அடிபட்டவர் வசிக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே போடலாம். தொகையைத் தீர்மானிப்பதில் பலரும் ஏமாறும் இடம், 'ஊன சதவீதம்'. டாக்டர் சான்றிதழில் 30 என்று எழுதியிருந்தால், வருமான இழப்பும் 30 சதவீதம்தான் என்று நினைத்து ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள். உடலின் ஊனம் வேறு, அதனால் போகும் பிழைப்பு வேறு என்று ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: இடது கையை இழந்த தச்சரின் வருமானம் ஏறக்குறைய முழுதும் போய்விடலாம், அதே கையை இழந்த அரசு எழுத்தருக்கு வேலை நிலைக்கலாம். மாதம் 15,000 ரூபாய் ஈட்டும் 34 வயதுக் கொத்தனாரை எடுத்துக்கொள்வோம். வருங்கால உயர்வுக்காக 40 சதவீதம் கூட்டினால் 21,000, ஆண்டுக்கு 2,52,000, ஆண்டு வருமானத்தை எத்தனை மடங்காக்க வேண்டும் என்பதைக் குறிக்கும் பெருக்கெண் அந்த வயதுக்கு 16 என்பதால் 40,32,000. இதில் 30 சதவீதம் என்றால் 12,09,600 ரூபாய். சாரம் ஏற முடியாதவருக்குத் தொழிலில் 60 சதவீதம் போயிற்று என்று சாட்சியத்தால் நிறுவினால் 24,19,200 ரூபாய். மருத்துவச் செலவு, வலி வேதனை, உடன் இருந்து பார்த்துக்கொண்டவரின் செலவு ஆகியவை இதற்கு மேல். அந்த 12 லட்ச வித்தியாசம், மருத்துவரைக் கூண்டில் ஏற்றி, 'இவரால் இனிக் கொத்து வேலை செய்ய முடியுமா?' என்று கேட்பதில் இருக்கிறது.

இரண்டு எச்சரிக்கைகளை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். முதலாவது, 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்ற காலவரம்பு நடைமுறையில் இருக்கிறது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் உள்ளன. காலதாமதத்தைக் காட்டி மனுக்களைத் தள்ளக் கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்தது. ஆனால் இடைக்கால உத்தரவை நம்பி நாளைக் கடத்துவது, பிறர் குடையை நம்பி மழையில் இறங்குவது போன்றது. போலீசார் 90 நாட்களுக்குள் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டிய விரிவான அறிக்கையையே மனுவாக ஏற்கவும் சட்டத்தில் இடமுண்டு. அது போய்ச் சேர்ந்ததா என்று நேரில் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

மற்றொன்று, அவசரக் கையெழுத்து. யார் மீது தவறு என்று நிரூபிக்காமலேயே கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாய் பெற மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆம் பிரிவு வழி செய்கிறது. ஆனால் நிறுவனம் முன்வந்து தரும் அந்தத் தொகையை ஏற்றுக்கொண்டால், முழு இழப்பீடு கேட்கும் மனு அத்தோடு முடிந்துபோகும். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் செய்துகொள்வதும் அப்படியே. அதற்கு மேல்முறையீடு கிடையாது. 20 லட்சத்துக்கு மேல் தேறக்கூடியவர், மருந்துக்கடைக் கடனை அடைக்க இரண்டரை லட்சத்துக்குக் கைநாட்டு வைத்துவிட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

'வர்றதுல இத்தனை பர்சன்ட்' என்று ஆஸ்பத்திரிக் கட்டிலருகே பேரம் பேச வருபவர்களிடமும் கவனம் தேவை. வழக்கின் முடிவை வைத்துக் கட்டணம் பேசுவதை வழக்கறிஞர் மன்ற விதிகளே தடை செய்கின்றன. பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருமானம் உள்ளவர்கள் ஆகியோருக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும். 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். விபத்தில் ஊனமுற்றவர் அந்தக் காரணத்தாலேயே இதற்குத் தகுதி பெறக்கூடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

இத்தனைக்கும் நடுவில், மது விற்றவருக்கு இதில் எந்தப் பொறுப்பும் இல்லை. 2003 முதல் தமிழ்நாட்டில் சில்லறை விற்பனைக் கடைக்காரர் அரசுதான் என்பதால், அந்தப் பேச்சு எழுவதும் அரிதாக இருக்கிறது.

கொத்தனாரின் மனு, ஆறு மாதம் முடிய 11 நாட்கள் இருந்தபோது தாக்கலாயிற்று. ஓட்டுநர் பரிசோதிக்கப்பட்டதற்கான தாள் எதுவும் வழக்குக் கட்டில் இல்லை. அன்றிரவு அங்கே நின்ற பழக்கடைக்காரர் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார். அடுத்த வாய்தாவுக்கு அவரை அழைத்துப் போகிறேன். தங்கள் இதழ் அடுத்த முறை அபராதத்தைப் பற்றி எழுதும்போது, ஆறு மாதக் கெடுவையும் 15100 என்ற எண்ணையும் ஓரமாக ஒரு கட்டத்தில் அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர் ஒருவர்,
தஞ்சாவூர்.