சம்பாவத்தின் 298 பேருக்கும் எனக்கு வழிகாட்டியவர்களுக்கும் ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். 1907ஆம் ஆண்டு, இன்றைய உத்தராகண்ட் மாநிலத்தின் குமாவூன் மலையில் சுட்டு வீழ்த்தப்பட்ட சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைப் பற்றி நான் எழுதிய சிறுநூல் சென்ற வாரம் அச்சாகி வந்து சேர்ந்தது. நன்றியுரைக்கென்று நூலின் கடைசிப் பக்கத்தில் எனக்குக் கிடைத்த இடம் நான்கு வரிகள்தாம். நான் பட்ட கடன் அந்த நான்கு வரிகளில் அடங்காது என்பதால் இம்மடலை எல்லோரும் காண எழுதுகிறேன்.

முதல் நன்றி, எனக்குப் பள்ளியில் வரலாறு கற்பித்து, இன்றும் என் கையெழுத்துப் படிகளைச் சிவப்பு மையோடு படித்துத் தரும் ஆசிரியருக்கு உரியது. நான் முதலில் எழுதியது ஜிம் கார்பெட் என்ற தனி மனிதரின் வீரக்கதை. 1875இல் நைனிதாலில் பிறந்து, கங்கைக்கரையில் மோகாமே காட் என்ற படித்துறையில் ரயில்வேயின் சரக்கு மாற்றும் பணியைக் கவனித்து வந்த அவர், நைனிதால் துணை ஆணையர் கேட்டுக்கொண்டதன் பேரில் மலையேறிப் போய், பலரும் தோற்ற இடத்தில் வென்றார் என்பதோடு என் கதை முடிந்திருந்தது. ஆசிரியர் அதைப் படித்துவிட்டு, "மலைமுகட்டில் நின்றவர்களை எங்கேயப்பா விட்டுவிட்டாய்?" என்று, புலியை விரட்டத் திரண்ட 298 ஊர்க்காரர்களைக் குறித்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகே நான் ரயிலேறிக் காத்கோதாமில் இறங்கினேன். என் நூலில் உருப்படியாக ஏதேனும் இருக்குமானால் அது அந்தக் கேள்வியிலிருந்து வந்தது.

தேவிதுராவில் வாராஹி அம்மன் கோயில் வாசலில் எனக்காகக் காத்திருந்து, மூன்று நாள்கள் கூடவே நடந்து, நான் தட்டுத்தடுமாறி இந்தியில் கேட்டவற்றையெல்லாம் குமாவூனியில் பெரியவர்களிடம் எடுத்துச் சொன்ன தம்பிக்கு என் அன்பும் நன்றியும். நேபாளத்தில் ஏறத்தாழ 200 பேரைக் கொன்ற அந்தப் பெண்புலி, அங்கிருந்து விரட்டப்பட்டுக் குமாவூனுக்குள் வந்து நான்கே ஆண்டுகளில் மேலும் 234 பேரைக் கொன்றது என்பதையும், மொத்தம் 436 என்பதே இன்று பரவலாகச் சொல்லப்படும் கணக்கு என்பதையும் நான் ஊரிலேயே படித்திருந்தேன். அந்த எண்ணிக்கையின் கனம் எனக்கு உறைத்தது அந்த மலைச்சரிவுகளில் நடந்தபோதுதான். பாலி என்ற சிற்றூரில் மக்கள் ஐந்து நாள்கள் கதவைத் தாழிட்டுக்கொண்டு வெளியே தலைகாட்டாமல் கிடந்தார்கள். அவர்களுடைய கோதுமை வயலில் முற்றி நின்றது. துப்பாக்கியோடு ஒருவர் வந்து காவல் நின்ற பிறகே அவர்கள் அரிவாளை எடுத்துக்கொண்டு அறுப்புக்கு இறங்கினார்கள்.

ஓக் மரத்தில் ஏறி மாட்டுக்குத் தழை வெட்டிக்கொண்டிருந்த வேலையை நிறுத்தி, எங்களுக்காக அரைமணி நேரம் ஒதுக்கிப் பேசிய மூன்று பெண்களுக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன். பாலியில் இறந்த பெண்ணும் இதே வேலையாக மரத்திலேறித் தழை வெட்டிவிட்டு இறங்கும்போதுதான் புலி அவள் காலைப் பற்றி இழுத்தது. அவளுடைய உள்ளங்கைத் தோல் மரப்பட்டையில் ஒட்டிக்கொண்டிருந்ததை வேட்டைக்குப் போனவர் பார்த்திருக்கிறார். மிஞ்சிய எலும்புத் துண்டுகள் சிலவற்றைப் பொறுக்கித் துணியில் முடிந்து வீட்டாரிடம் கொடுத்தார்கள். ஈமக்கடன் செய்து, சாம்பலைக் கங்கையில் சேர்க்க அது போதும் என்று குடும்பத்தார் ஆறுதல் கொண்டார்கள். இதை நான் சொல்லக் கேட்ட பெண்களில் மூத்தவர், பேச்சேதும் இன்றி, கிளையிலிருந்து தாம் எப்படிக் கால் ஊன்றி இறங்குவார் என்பதை எனக்கு ஒருமுறை செய்து காட்டினார். அந்த அத்தியாயத்தை ஊருக்குத் திரும்பியதும் அடியோடு மாற்றி எழுதினேன்.

புலியின் பற்களைப் பற்றி எனக்குப் பொறுமையாக விளக்கிய கால்நடை மருத்துவ நண்பருக்கும் நன்றி. சுடப்பட்ட புலியின் வாயைத் திறந்து பார்த்தபோது வலப்புறத்தில் மேல் கோரைப்பல் பாதியும், கீழ்க் கோரைப்பல் எலும்பு வரையிலும் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிக் காயத்தின் விளைவு அது. புலி தன் இரையைக் கழுத்தில் கவ்விக் கொல்வது கோரைப்பற்களால்தான் என்றும், ஒரு பக்கம் இரண்டும் போய்விட்டால் மானைப் பிடித்து நிறுத்துவது அதற்குப் பெரும்பாடு என்றும் நண்பர் சொன்னார். யாரோ ஒருவர் சுட்டுக் காயப்படுத்திவிட்டுக் கொல்லாமல் விட்ட புலிக்கு, அந்தக் குண்டோடு சம்பந்தமே இல்லாத மலைப்பெண்கள் உயிர் கொடுத்தார்கள். இந்த வேட்டையைப் புகழ்ந்து பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இனி நான் நேரில் கண்டிராத, காணவும் முடியாத ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அவர் 1907இல் சம்பாவத்தில் தாசில்தாராக இருந்தவர். பதினாறு, பதினேழு வயதுப் பெண்ணொருத்தி சுள்ளி பொறுக்கப் போன இடத்தில் புலிக்கு இரையான அன்றே, பள்ளத்தாக்கைச் சுற்றி வளைத்துப் புலியை வெளியே விரட்டுவது என்று முடிவானது. அதற்கு ஆள் வேண்டும், ஆளுக்கு ஆயுதமும் வேண்டும். 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி இந்தியர்கள் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். அப்படியிருக்க, அந்த அரசின் ஊழியரான தாசில்தாரே, உரிமம் இல்லாத துப்பாக்கிகளைத் தாம் கண்டுகொள்ளப் போவதில்லை என்றும், வேண்டியவர்களுக்கு மருந்தும் குண்டும் தாமே தருவதாகவும் ஊர் ஊராகச் சொல்லி அனுப்பினார். மறுநாள் நண்பகலுக்குள் 298 பேர் வந்து கூடினார்கள். வீட்டுக் கூரைக்குள்ளும் தானியக் குதிருக்குள்ளும் எத்தனை ஆண்டுகள் அவர்கள் கொண்டுவந்த துப்பாக்கிகள் ஒளிந்து கிடந்திருக்கும் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

அவர்கள் முகட்டில் வரிசையாக நின்று, பறையடித்து, கூச்சலிட்டு, பாறைகளை உருட்டி, வெடி வெடித்தார்கள். சமிக்ஞை கிடைப்பதற்கு முன்பே விரட்டு தொடங்கிவிட்டதால் வேட்டைக்காரர் தம் இடத்துக்கு ஓடிச் சேர வேண்டியதாயிற்று. தாசில்தார் இருந்த பக்கமாக வெளிப்பட்ட புலி, அவர் சுட்டதும் திரும்பியது. அந்த வெடிச்சத்தத்தைக் கேட்டு வேலை முடிந்தது என்று நினைத்த முகட்டுக்காரர்கள் எல்லாத் துப்பாக்கிகளையும் ஒருசேர வெடிக்க, மிரண்ட புலி கார்பெட்டின் பக்கம் பாய்ந்தது. அவர் கொண்டுவந்திருந்த தோட்டாக்கள் மூன்று. மூன்றும் தீர்ந்தபின், காயப்பட்டு எதிரே நின்ற புலியை நோக்கி அவர் தாசில்தாரிடம் ஓடி வாங்கி வந்த துப்பாக்கியைத்தான் நீட்டினார். அந்தப் பிழையான புரிதலும் அந்த இரவல் துப்பாக்கியும் இல்லாமல் இந்த வேட்டை முடிந்திருக்காது. பின்னர் நைனிதாலில் நடந்த தர்பாரில், ஐக்கிய மாகாணத்தின் துணை ஆளுநர் சர் ஜான் ஹீவெட் அந்தத் தாசில்தாருக்கு ஒரு துப்பாக்கியும், பெண்ணின் உடலைத் தேடிக் கூடவே போன ஊர்க்காரருக்கு ஒரு கத்தியும் பரிசளித்தார். முகட்டில் நின்ற மற்றவர்களுக்காகவே நூலின் தலைப்பில் 298 என்ற எண்ணை வைத்தேன். அதற்கு மறுப்புச் சொல்லாத பதிப்பாளருக்கும் நன்றி.

நைனிதால் ஏரிக்கரையில், நந்தாதேவி கோயிலுக்கு அருகே என்னை அழைத்துச் சென்று, நான் கேட்ட இடத்தில் தனியே இருக்கவிட்டுக் காத்திருந்த வண்டி ஓட்டுநர் ஐயாவை மறக்கமாட்டேன். புலியின் வயிற்றில் அந்தச் சம்பாவத் பெண்ணின் விரல்கள் அப்படியே கிடைத்தன. தாசில்தார் அவற்றைச் சாராயத்தில் இட்டு அனுப்ப, கார்பெட் அந்தக் கோயிலுக்கு அருகே ஏரியில் சேர்த்தார். ஓட்டுநர் ஐயா வண்டியில் வைத்திருந்த சாமந்திப் பூக்களில் ஒரு கைப்பிடி எடுத்து என்னிடம் கொடுத்தார், நான் தண்ணீரில் விட்டேன்.

நூலின் பத்துப் பிரதிகளையும், தம்பி மொழிபெயர்த்துத் தர இசைந்திருக்கும் இந்திச் சுருக்கத்தையும், தழை வெட்டிய அந்த மூன்று அம்மாக்களின் ஊர்ப் பள்ளிக்கு மழை ஓய்ந்து மலைப்பாதை திறந்ததும் நானே கொண்டுவந்து சேர்ப்பேன்.

என்றும் நன்றியுடன்,
நூலாசிரியன்