ஸ்டார் ட்ரெக் முதல் சீசனை வரிசைப்படுத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க அறிவியல் கற்பனைத் தொலைக்காட்சித் தொடரான ஸ்டார் ட்ரெக்கின் முதல் சீசனில் வந்த 29 எபிசோடுகளையும் தரவரிசைப்படுத்தி வெளியிடுகிறவர்கள் நீங்கள். வாக்கெடுப்பு நடத்தித் தொகுப்பவர்களும் உங்களில் உண்டு, எல்லாவற்றையும் மறுபடி பார்த்துவிட்டுத் தனியொருவராக எழுதுகிறவர்களும் உண்டு. இரு தரப்புக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். இந்தத் தொடருக்குப் புதிதாக வருகிறவர் 1966 செப்டம்பர் 8 முதல் 1967 ஏப்ரல் 13 வரை ஒளிபரப்பான அத்தனையையும் முதல் மூச்சிலேயே பார்த்துவிடப் போவதில்லை. உங்கள் பட்டியலின் உச்சியில் இருக்கும் ஐந்தாறைப் பார்ப்பார். பிடித்தால் தொடர்வார், இல்லாவிட்டால் அத்தோடு சரி. அந்த ஐந்தாறை யார் தீர்மானிக்கிறார்கள்? நீங்கள்தான். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்: முதலிடத்தை 'தி டெவில் இன் தி டார்க்' எபிசோடுக்குக் கொடுங்கள். கொடுக்க மனமில்லையென்றால், ஏன் இல்லை என்பதையாவது எழுதுங்கள்.

முதலில், உங்கள் பட்டியல்களில் எனக்குள்ள மனக்குறை. 'ஸ்பேஸ் சீட்' பெரும்பாலும் முதல் மூன்றுக்குள் வந்துவிடுகிறது. கான் என்ற வில்லன் பாத்திரமும், அதற்கு உயிர் கொடுத்த ரிக்கார்டோ மோன்டல்பானும் அற்புதம்; இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சாப்பாட்டு மேசையில் அமர்ந்து, குரலை ஒரு பிடி கூட உயர்த்தாமல், அறையில் இருக்கிற அத்தனை பேரையும் அவர் எடைபோடுகிற காட்சி ஒன்று போதும். ஆனால் கதையின் மறுபாதி மார்லா மெக்கைவர்ஸ் என்ற வரலாற்று அதிகாரியின் தோளில் நிற்கிறது. கண்ட மாத்திரத்தில் அவர் கானிடம் மயங்கிவிடுகிறார், என்டர்பிரைஸ் விண்கப்பலைப் பிடிக்கவும் துணைபோகிறார். ஏன் என்பதற்கு, கம்பீரமான ஆண் என்பதைத் தாண்டி திரைக்கதையில் பதிலே இல்லை. 1982-ல் கானை மறுபடி கொண்டுவந்த திரைப்படம் வெளியாகியிருக்காவிட்டால் இந்த எபிசோடு எந்த இடத்தில் இருந்திருக்கும் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். பதினைந்து ஆண்டுகள் கழித்து வந்த படத்தின் புகழை முன்தேதியிட்டு இதற்கு வரவு வைப்பது நியாயமில்லை.

'தி மெனாஜரி'யும் அப்படித்தான். 1967-ல் அறிவியல் கற்பனைக்கான ஹ்யூகோ விருது பெற்ற இரண்டு பாக எபிசோடு. அதன் சிறந்த பகுதிகள் எல்லாம், சேனல் நிராகரித்த முதல் பைலட்டான (சோதனை எபிசோடான) 'தி கேஜ்' படச்சுருளிலிருந்து எடுத்தவை. அந்தச் சுருளை வீணாக்காமல், தயாரிப்பில் ஏற்பட்ட தாமதத்தைச் சமாளிக்க, கப்பலின் வேற்றுக்கிரக அதிகாரியான ஸ்பாக் மீதான ராணுவ விசாரணை என்ற ஒரு சட்டகத்துக்குள் பொருத்தினார்கள். நெருக்கடியில் செய்த கெட்டிக்காரத்தனமான வேலை, மறுக்கவில்லை. ஆனால் விசாரணை அறையில் எல்லோரும் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தை நீங்கள் எந்தக் கணக்கில் மதிப்பெண் போட்டீர்கள்? பழைய சுருளில் வரும் கேப்டன் பைக்கின் கதைக்குத் தனி மதிப்பெண் கொடுங்கள், விசாரணைக்குத் தனியாகக் கொடுங்கள். முதல் ஐந்து இடங்களுக்குள் வர இரண்டும் சேர்ந்தாலும் போதாது.

நான் ஒரு எபிசோடை எடைபோடும்போது முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இதிலிருந்து அறிவியல் கற்பனையை உருவி எடுத்துவிட்டால் கதை நிற்குமா? நின்றுவிட்டால் அது நல்ல நாடகமாக இருக்கலாம், ஆனால் இந்த வகைத் தொடரின் உச்சமாக இருக்க முடியாது. 'தி கான்ஷியன்ஸ் ஆஃப் தி கிங்' எனக்கு மிகவும் பிடித்தது. பஞ்சத்தில் பாதிப் பேரைக் காப்பாற்ற மீதி 4,000 பேரைக் கொல்ல உத்தரவிட்ட ஆளுநர் ஒருவன், பல ஆண்டுகள் கழித்து நாடக நடிகனாக ஒளிந்து வாழ்கிறான். உருக்கமான கதை. ஆனால் விண்கப்பலுக்குப் பதில் சாதாரணக் கப்பலை வைத்தாலும் ஒரு வரி கூட மாற்ற வேண்டியிருக்காது. ஆகவே என் பட்டியலில் அது பத்தாவது இடத்தைத் தாண்டி மேலே வராது.

'எ டேஸ்ட் ஆஃப் ஆர்மகெடான்' நேர் எதிர். இரண்டு கிரகங்கள் ஐந்நூறு ஆண்டுகளாகப் போர் செய்கின்றன. குண்டு ஒன்றுகூட விழுவதில்லை. கணினி தாக்குதலைக் கணக்கிட்டு, இன்னார் இன்னார் இறந்தார்கள் என்று அறிவிக்கிறது. அறிவிக்கப்பட்டவர்கள் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் தாங்களே வரிசையில் நடந்து போய் இயந்திரத்துக்குள் நுழைந்து மறைந்துவிட வேண்டும். கட்டடங்கள் பத்திரம், கலைகள் பத்திரம், தெருக்கள் சுத்தம். அதனாலேயே போரை நிறுத்த யாருக்கும் காரணம் இல்லை. அந்தக் கணினியை எடுத்துவிட்டால் இந்தக் கதையில் எதுவுமே மிஞ்சாது. இதை எந்த மனதோடு பன்னிரண்டாம் இடத்துக்குக் கீழே தள்ளுகிறீர்கள் என்று எனக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. என் பட்டியலில் நான்காவது இது.

இந்தக் கேள்வி மட்டும் போதும் என்று சொல்ல வரவில்லை. 'தி ஆல்டர்னேட்டிவ் ஃபேக்டர்' அதில் தாராளமாகத் தேறிவிடும். இரண்டு பிரபஞ்சங்கள், லாசரஸ் என்ற ஒரே மனிதனின் இரண்டு வடிவங்கள், அவர்கள் நேருக்கு நேர் சந்தித்தால் எல்லாமே அழிந்துவிடும். அதைத் தடுக்க நல்லவன் பைத்தியக்காரனோடு இடைவழியில் என்றென்றைக்குமாகச் சிறைப்பட ஒப்புக்கொள்கிறான். எவ்வளவு பெரிய யோசனை! ஆனால் படமாக்கியதில் எல்லாமே குழப்பம். ஒப்பந்தமான நடிகர் ஜான் ட்ரூ பேரிமோர் படப்பிடிப்புக்கு வரவேயில்லை. ராபர்ட் பிரவுனைக் கடைசி நிமிடத்தில் அழைத்து வந்து நடிக்க வைத்தார்கள். எந்தக் காட்சியில் எந்த லாசரஸ் நிற்கிறான் என்று கண்டுபிடிப்பதற்குள் எபிசோடே முடிந்துவிடுகிறது. கடைசி இடம் அதற்குத்தான். அங்கே உங்களோடு முழுமையாக ஒத்துப்போகிறேன். ஆனால் அந்த இடத்துக்கு எதிரே அதன் முடிவைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை எழுதுங்கள்.

இப்போது என் முதலிடத்துக்கு வருகிறேன்.

ஜேனஸ் 6 என்ற கிரகத்தில் ஒரு சுரங்கம். பாறைக்குள் ஏதோ ஒன்று ஊர்ந்து வந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைக் கொன்றிருக்கிறது. என்டர்பிரைஸ் வருகிறது. முதல் பாதி அச்சு அசலாக ஒரு பூதக் கதை: இருட்டு, உறுமல், எரிந்துபோன உடல்கள். பார்க்கிற நாமும் அந்தப் பூதம் சாக வேண்டும் என்றே விரும்புகிறோம். பிறகுதான் தெரிகிறது, அது ஹோர்ட்டா என்னும் சிலிக்கான் உயிரினம் என்று. ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்த இனம் முழுவதும் இறந்துபோகும். ஒரே ஒரு தாய் மட்டும் மிஞ்சி, எல்லா முட்டைகளையும் காவல் காக்கும். தொழிலாளர்கள் உருண்டைக் கற்கள் என்று நினைத்து ஆயிரக்கணக்கில் உடைத்துப் போட்டவை அந்த முட்டைகள்.

ஒரு காட்சியை மட்டும் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். தொடக்கத்தில் கேப்டன் கர்க் கொல்லச் சொல்கிறார். ஸ்பாக், இந்த இனத்தில் இது கடைசி உயிராக இருக்கலாம், கொல்வது குற்றம் என்கிறார். பிறகு கர்க் தனியாக ஹோர்ட்டாவிடம் மாட்டிக்கொள்கிறார். பின்னால் பாறை சரிந்து வழி அடைபட்டிருக்கிறது. கையில் துப்பாக்கி. அது நெருங்கி வருகிறது, துப்பாக்கியை உயர்த்தினால் பின்வாங்குகிறது, தாழ்த்தினால் நிற்கிறது. தொடர்புக் கருவியின் மறுமுனையில் ஸ்பாக், நண்பனின் உயிருக்குப் பயந்து, உடனே கொல்லுங்கள் என்று கெஞ்சுகிறார். கர்க் சுடவில்லை. அது பக்கவாட்டில் திரும்பித் தன் காயத்தைக் காட்டுகிறது. அவர் துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டே பேச்சுக் கொடுக்கத் தொடங்குகிறார். இருவரும் ஒருவர் நிலைக்கு மற்றவர் மாறிவிட்டார்கள்; அதை எந்தப் பாத்திரமும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஸ்பாக்கின் தர்க்கத்துக்குள் எவ்வளவு பாசம் இருக்கிறது, கர்க்கின் அவசரத்துக்குள் எவ்வளவு நிதானம் இருக்கிறது என்பதை இந்த ஒரு நிமிடத்தைவிடச் சுருக்கமாக இந்தச் சீசனில் வேறு எதுவும் காட்டவில்லை. அதற்குப் பிறகு ஸ்பாக் தன் மனத்தை அதன் மனத்தோடு இணைத்து, வலி வலி என்று கதறுவதும், கப்பல் மருத்துவர் மெக்காய் கான்கிரீட் கலவையைக் குழைத்து அதன் புண்ணுக்குக் கட்டுப்போட்டுவிட்டுச் சந்தோஷப்படுவதும் எல்லோருக்கும் நினைவிருக்கும்.

ஹோர்ட்டாவின் உடையைப் பற்றிக் குறை சொல்கிறீர்கள். ரப்பர் மேடு ஊர்ந்து வருகிறது, விரிப்புக்கு அடியில் ஆள் தவழ்கிறார் என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். ஆமாம், உள்ளே இருந்தவர் யானோஷ் புரோஹாஸ்கா, அந்த உடையை உருவாக்கியவரும் அவர்தான். முகமில்லை, கண்ணில்லை, கையில்லை. தயங்குவதையும் நடுங்குவதையும் மட்டும் வைத்துக்கொண்டு ஒரு தாயை நடித்துக் காட்டியிருக்கிறார். 2006-ல் இந்தத் தொடரைப் புதுப்பித்தபோது விண்கப்பல் காட்சிகளைக் கணினியில் மறுபடி செய்தார்கள், 'அரீனா'வில் வரும் கோர்ன் என்ற வேற்றுக்கிரக உயிரினத்தின் கண்களைச் சிமிட்ட வைத்தார்கள். அதைப் பார்த்துவிட்டுத் தோற்றத்துக்கு ஐந்து மதிப்பெண், கதைக்கு ஐந்து மதிப்பெண் என்று பிரித்துப் போடும் பழக்கம் உங்களில் சிலருக்கு வந்திருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

'தி சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்' எங்கே என்று கேட்பீர்கள். இரண்டாவது இடம், மயிரிழையில். 1930-ன் நியூயார்க், எடித் கீலர் பிழைத்தால் அவரது அமைதி இயக்கத்தால் வரலாறு திசைமாறி ஹிட்லர் வென்றுவிடுவான், ஆகவே அந்த நல்ல மனுஷி சாக வேண்டும். காப்பாற்ற ஓடும் மெக்காயைக் கர்க்கே பிடித்து நிறுத்துகிறார். 1968-ல் இந்த எபிசோடு ஹ்யூகோ வென்றது. பலர் கை வைத்து மாற்றுவதற்கு முன் ஹார்லன் எலிசன் எழுதிய மூலத் திரைக்கதை எழுத்தாளர் சங்க விருதைத் தனியாக வாங்கியது. இதை முதலிடத்தில் வைப்பவரோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன். எனக்கு ஏன் இரண்டாவது என்றால், எடித் சாக வேண்டும் என்பது பாதியிலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. மீதி நேரம் நாம் கர்க்குக்காக அழுகிறோம். ஹோர்ட்டாவின் கதையிலோ நம் மனமே மாற்றப்படுகிறது. கொல்லச் சொன்னவர்களில் நாமும் இருந்தோம். இரண்டையும் இயக்கியவர் ஒருவரேதான், ஜோசப் பெவ்னி.

மூன்றாவது 'பேலன்ஸ் ஆஃப் டெரர்'. என் கேள்வியை என்னிடமே திருப்புவீர்கள்: இது நீர்மூழ்கிக் கப்பல் கதைதானே, விண்வெளி எதற்கு என்று. நியாயமான கேள்வி. எதிரியின் முகம் திரையில் முதன்முறையாகத் தெரியும்போது அது ஸ்பாக்கின் சாயலில் இருக்கிறதே, அங்கேதான் கதை கடலை விட்டுக் கிளம்புகிறது. அந்த நொடியிலிருந்து சந்தேகம் கப்பலுக்குள்ளேயே நுழைந்துவிடுகிறது. மார்க் லெனார்ட் நடித்த ரோமுலன் தளபதியை விடக் கண்ணியமான எதிரி இந்தச் சீசனில் இல்லை.

இன்னொரு விஷயம். வரிசை எண்களில் மறைந்துபோகிற பெயர் ஒன்று இருக்கிறது: ஜீன் எல். கூன். சீசன் பாதியில் தயாரிப்பாளராக வந்தவர். 'அரீனா', 'ஸ்பேஸ் சீட்', 'எ டேஸ்ட் ஆஃப் ஆர்மகெடான்', 'தி டெவில் இன் தி டார்க்', 'எர்ரண்ட் ஆஃப் மெர்சி' என 1967 ஜனவரி முதல் மார்ச் வரை ஒளிபரப்பான ஐந்திலும் எழுத்தாளராக அவர் பெயர் இருக்கிறது, சிலவற்றில் தனியாக, சிலவற்றில் மற்றவர்களோடு. 'அரீனா'வில் கந்தகமும் கரியும் வெடியுப்பும் சேர்த்து மருந்து இடித்து, மூங்கில் குழாயில் வைரங்களைத் திணித்துச் சுட்ட கர்க், விழுந்து கிடக்கும் கோர்னைக் கொல்ல மறுக்கிறார். அத்துமீறியது நாமாகக்கூட இருக்கலாம் என்கிறார். 'எர்ரண்ட் ஆஃப் மெர்சி'யில் கர்க்கும் எதிரி இனமான கிளிங்கான்களின் தளபதியும் தோளோடு தோள் நின்று, போர் செய்யும் எங்கள் உரிமையைத் தடுக்க நீங்கள் யார் என்று அந்தக் கிரகவாசிகளான ஆர்கேனியர்களிடம் கத்துகிறார்கள். தான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது கர்க்குக்கு உறைக்கும் அந்தக் கணம் இருக்கிறதே! ஐந்தையும் ஒளிபரப்பான வரிசையில் பாருங்கள். எதிரி என்று நினைத்தவர் யார் என்ற ஒரே கேள்வியை ஒருவர் விடாமல் கேட்டுக்கொண்டே போவது தெரியும். தனித்தனி எண் போட்டு ஆளுக்கொரு மூலையில் வீசிவிட்டால் இது தெரியாது. ஆகவே எண்ணுக்குப் பக்கத்தில் எழுதியவர் பெயரையும் போடுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'எர்ரண்ட் ஆஃப் மெர்சி' ஐந்தாவது. 'திஸ் சைட் ஆஃப் பாரடைஸ்' ஆறாவது. மரக்கிளையில் தொங்கிச் சிரிக்கும் ஸ்பாக்கையும், வாழ்வில் முதன்முறையாகச் சந்தோஷமாக இருந்தேன் என்று கடைசியில் அவர் ஒத்துக்கொள்வதையும் ஒரே எபிசோடில் டி.சி. ஃபான்டானா எழுதியிருக்கிறார். 'தி கார்போமைட் மனூவர்' ஏழு, 'ஸ்பேஸ் சீட்' எட்டு, 'அரீனா' ஒன்பது. பத்தில் 'தி நேக்கட் டைம்' இருக்கிறது. அதற்குக் கீழே யார் எங்கே என்பதில் எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை, 'தி மேன் ட்ராப்' தவிர. பூதம் இருக்கிறது என்பதற்காக அதை முதலில் ஒளிபரப்பியது சேனல். ஒளிபரப்பில் முதலில் வந்தது என்பதற்காக நீங்களும் அதைத் தொடக்கமாகப் பரிந்துரைக்காதீர்கள். புதியவர் 'தி கார்போமைட் மனூவரி'ல் தொடங்கட்டும். பைலட்டுகளுக்குப் பிறகு முதலில் படமாக்கியதும் அதுதான்.

வாக்கெடுப்பு நடத்துகிறவர்களிடம் மட்டும் கூடுதலாக ஒரு வேண்டுகோள். வாக்களிப்பவர் அந்த எபிசோடைக் கடைசியாக எப்போது பார்த்தார் என்று கேளுங்கள். சிறுவயதில் பார்த்த நினைவுக்கும் நேற்று பார்த்ததற்கும் ஒரே எடை கொடுத்துச் சராசரி எடுத்தால், பெயர் பெற்றவை மட்டுமே மேலே மிதக்கும். அடுத்த பட்டியலைத் தொகுக்குமுன் 'தி டெவில் இன் தி டார்க்', 'எ டேஸ்ட் ஆஃப் ஆர்மகெடான்' இரண்டையும் எல்லோரும் மறுபடி பார்த்துவிட்டு வாக்களிக்கும்படி அறிவியுங்கள். அதன் பிறகும் உங்கள் பட்டியலில் ஹோர்ட்டாவின் கதை ஏழாவது இடத்தில்தான் நின்றால், அதற்கு மேலே வைத்த ஆறு எபிசோடுகளும் எந்த வகையில் அதைவிட உயர்ந்தவை என்று ஆளுக்கு ஒரு பத்தி எழுதுங்கள். ஒவ்வொன்றையும் வாசித்துப் பதில் எழுதக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஸ்டார் ட்ரெக் ரசிகர்களில் ஒருவர்