கைத்தையல் போர்வைக்கும் மதிப்புச் சான்று வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புதுச்சேரி வீடுகளில் பழம்புடவைகளை அடுக்கி, ஓரம் முதல் ஓரம் வரை நூலோட்டித் தைக்கும் போர்வைகளை வெளிநாட்டு உறவினருக்குப் பரிசாக அனுப்புகிறோம். சுங்கப் படிவத்திலோ துணியின் விலையை மட்டுமே எழுதுகிறோம். பார்சல் தொலைந்தால் மாதக்கணக்கான உழைப்புக்கு ஆதாரமே இராது.

அமெரிக்காவில் இத்தகைய அடுக்குத் தையல் போர்வைகளை (குவில்ட்) தைப்பவர்களுக்கான அமைப்பான அமெரிக்கன் குவில்ட்டர்ஸ் சொசைட்டி சான்றளித்த மதிப்பீட்டாளர்கள், துணி, தையலின் நேர்த்தி, தற்போதைய நிலை ஆகியவற்றை ஆராய்ந்து, அதே போன்ற ஒன்றை மீண்டும் பெறுவதற்கு ஆகும் விலையை எழுதித் தருகிறார்கள். அத்தகைய ஏற்பாட்டை இங்குள்ள கைவினைத் துறையும் செய்ய வேண்டும்.

அதுவரை தைத்தவர் பெயர், ஆண்டு, உழைத்த நேரம், புகைப்படம் ஆகியவற்றையாவது ஒரு தாளில் பதிந்து போர்வையுடன் சேர்த்துக் கொடுக்கலாம். பரிசுக்கு விலை சொல்லத் தயங்குவது நம் பண்புதான்; ஆயினும், பெறுபவர் அதைக் கால்மிதியாக்காமல் காக்க அந்தத் தாள் உதவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.